பெட்டிக்குள் காற்றுக்கு வழி இருக்கிறதா?

வாசகர் கேள்வி–பதில்: கணினிப் பகுதி

கத்திரி வெயில் வந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் சூடும் இரைச்சலும்தான் முன்னால் நிற்கும். இந்த இதழில் கடலூர், புதுவை வாசகர்கள் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பேச்சு வழக்கில் ‘சிபியு’ என்றால் முழுப் பெட்டி. குழப்பம் வராமலிருக்க இங்கே பெட்டியைக் கேபினெட் என்றும், உள்ளே இருக்கும் சில்லை ப்ராசஸர் என்றும் எழுதுகிறோம். சூடு எல்லாம் செல்சியஸ் கணக்கு.

கே: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கோர் ஐ5-12400 ப்ராசஸர், தனி கிராஃபிக்ஸ் கார்டு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று விளக்கு ஃபேன், பின்புறம் ஒன்று. மதியம் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது) போட்டால் ப்ராசஸர் 88 டிகிரிக்குப் போகிறது, சத்தம் பக்கத்து அறைவரை கேட்கிறது. மேலே இன்னொரு ஃபேன் வாங்கி மாட்டினேன். சத்தம்தான் கூடியது. இன்னும் எத்தனை ஃபேன் வேண்டும்?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

ப: இனி ஒன்றுகூட வேண்டாம். இருக்கிற ஃபேன்களுக்கே இழுக்கக் காற்று கிடைக்கவில்லை என்று தோன்றுகிறது. அதை உறுதிசெய்யச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு.

பயாஸில் (கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) எல்லா ஃபேனையும் 60 சதவீதம் என்று ஒரே வேகத்தில் நிறுத்திவையுங்கள். இதைச் செய்யாவிட்டால் சூடு குறையும்போது ஃபேனும் தணிந்துவிடும், அளவு தப்பாக வரும். நீளமான ரெண்டர் ஒன்றை ஓடவிட்டு 20 நிமிடம் கழித்து ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, அறை மூன்றின் சூட்டையும் தாளில் எழுதுங்கள். முதல் இரண்டுக்கும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும்; அறைக்குச் சுவரில் மாட்டும் சாதாரண தெர்மாமீட்டர். பிறகு கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே ரெண்டர், அதே 20 நிமிடம்.

கதவைத் திறந்ததும் சூடு 6, 7 டிகிரிக்கு மேல் இறங்கினால் உள்ளே காற்று தேங்குகிறது என்று பொருள். 1, 2 டிகிரிதான் இறங்கியது என்றால் காற்றோட்டத்தில் குறையில்லை; ப்ராசஸர் மேல் உட்காரும் கூலரிலோ இரண்டுக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டிலோ கோளாறு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல்தான் பலரும் ஃபேனுக்கு மேல் ஃபேன் வாங்கிப் பணத்தை விடுகிறார்கள்.

உங்கள் கேபினெட் முதல் வகையாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே பக்கவாட்டில் ஒரு சன்னமான இடுக்கு இருக்கும். மூன்று ஃபேனும் அந்த இடுக்கு வழியாகத்தான் மூச்சு விடுகின்றன. ஃபேன் அட்டையில் 60 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 60 கன அடி, என்று போட்டிருப்பார்கள். அது எதிரே தடையே இல்லாமல் அளந்த கணக்கு. கண்ணாடி, தூசி வலை, குறுகிய இடுக்கு என்று வரிசையாக வைத்தால் அதில் பாதி தேறுவதே கடினம்.

இதன் விளைவை நீங்களே கணக்கிடலாம். கணினி இழுக்கும் வாட்டை 1.76ஆல் பெருக்கி, கேபினெட் வழியே போகும் காற்றின் சிஎஃப்எம் அளவால் வகுத்தால், நுழையும் காற்றைவிட வெளியேறும் காற்று எத்தனை டிகிரி சூடாகும் என்பது வந்துவிடும். ரெண்டரில் 250 வாட் என்று வையுங்கள். 50 சிஎஃப்எம் போனால் சுமார் 9 டிகிரி. 20 சிஎஃப்எம்தான் போகிறது என்றால் 22 டிகிரி. கடல் காற்று தாமதமாகிற மதியத்தில் உங்கள் அறையே 35 டிகிரி இருக்கும். அப்படியானால் பின் ஃபேன் வழியாக வெளியே வரும் காற்று 57 டிகிரி. அந்த அனலைக் கொண்டு ப்ராசஸரைக் குளிர்விக்கச் சொல்கிறோம். கூலர் ஃபேன் கத்தாமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது இது. முன் கண்ணாடி நான்கு மூலையில் திருகாணியால் பிடித்திருந்தால், நீளமான திருகாணி வாங்கி இடையில் நட்டுகளை அடுக்கி, கண்ணாடியை 20 மி.மீ. முன்னால் தள்ளி நிறுத்துங்கள். அழகும் கெடாது. கிளிப்பில் மாட்டும் வகையென்றால் கண்ணாடிப் பலகையைக் கழற்றி எடுத்துவிட்டு, சட்டத்தில் ஜன்னலுக்குப் போடும் ஃபைபர் கொசுவலையை இழுத்துக் கட்டிவிடலாம். நுண்ணிய தூசியை அது தடுக்காது; முடி, பஞ்சு, பூச்சி நிற்கும். அதைவிட நெருக்கமான துணியைக் கட்டினால் மறுபடி பழைய கதைதான்.

அடுத்து மேல் ஃபேன். அது மேலே முன்பக்கத் துளையில் இருந்தால் உடனே கழற்றுங்கள். முன் ஃபேன் இழுத்து வந்த குளிர்ந்த காற்று ப்ராசஸரைத் தொடும் முன்பே அது உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். மேலே பின்பக்கத் துளையில் இருந்தால் கெடுதல் இல்லை, பெரிய லாபமும் இல்லை. கழற்றிய முன்துளையை ஓர் அட்டையால் மூடிவிடுங்கள். 120 மி.மீ. ஃபேன் இரண்டு முன்னால் உள்ளே இழுக்க, ஒன்று பின்னால் வெளியே தள்ள: உங்கள் வேலைக்கு இந்த மூன்று போதும். முன் மூன்றாவது, அடியில் இருப்பது, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மூடிக்குள்தான் ஊதுகிறது என்றால் அதையும் எடுத்துவிடலாம்.

ஃபேன் எந்தப் பக்கம் ஊதும் என்பதில் தவறு நடப்பது சகஜம். நடு மோட்டாரைத் தாங்கும் நான்கு கைகள் தெரியும் பக்கம் காற்று வெளியேறும் பக்கம். இறக்கை மட்டும் தெரியும் பக்கம் இழுக்கும் பக்கம். சில ஃபேனின் ஓரத்தில் இரண்டு அம்பு இருக்கும். ஒன்று சுழலும் திசை, மற்றது காற்றுத் திசை. விளக்குக்காகக் கைகள் மறையும்படி செய்த ஃபேன்களும் உண்டு. அதற்கு ஊதுபத்திதான் நீதிபதி. கணினி ஓடும்போது ஊதுபத்திப் புகையை முன்பக்கம், மேல்பக்கம், பின் இடுக்குகள் என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். முன்னால் புகை உள்ளே போக வேண்டும். பின்னால் வெளியேறும் சூட்டுக் காற்று சுற்றிக்கொண்டு மேல் துளை வழியே மறுபடி நுழைவது தெரிந்தால் அந்தத் துளையை அடைக்க வேண்டும். சாம்பல் உள்ளே விழாமல் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள், அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இனி சத்தம். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். 1200 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1200 சுற்று) ஓடும் ஒரு ஃபேனுக்குப் பதிலாக 600இல் ஓடும் இரண்டைப் போட்டால், தடையில்லாத வழியில் அதே அளவு காற்று, 12 டெசிபல் குறைந்த சத்தத்தில் கிடைக்கும். வழியை அகலமாக்கச் சொல்வது இதற்காகத்தான். தடையிருந்தால் மெதுவாக ஓடும் ஃபேன் காற்றைத் தள்ளவே திணறும், ஏனென்றால் வேகம் பாதியானால் ஃபேனின் அழுத்தம் நான்கில் ஒன்றாகிவிடும். சத்தமில்லாத கணினி வேண்டும் என்பவருக்குத் திறந்த முன்பக்கம்தான் முதல் செலவு.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அந்த 20 நிமிடச் சோதனையைச் செய்து தாளில் எழுதுங்கள். ஒரே நாளில் நான்கை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. வழி சரியாகிவிட்டால் கதவு மூடியிருப்பதற்கும் திறந்திருப்பதற்கும் 3, 4 டிகிரிதான் வித்தியாசம் வரும்.

கே: வீட்டிலிருந்து டியூஷன் வகுப்பு எடுக்கிறேன். கோர் ஐ3-10100, கூடவே வந்த கூலர், நான்கு வருடம் ஆகிறது. பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தாலே ஃபேன் ‘உய்ங்’ என்று ஏறி, சில விநாடியில் இறங்குகிறது. மைக்கில் மாணவர்களுக்கும் கேட்கிறதாம். கூலரை மாற்ற வேண்டுமா?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ப: மாற்ற வேண்டாம் அம்மா, அதே கூலரே போதும். உங்கள் ப்ராசஸர் 65 வாட் வகை. இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று ஸ்க்ரூடிரைவரோடு, இன்னொன்று பயாஸில்.

நான்கு வருடத்தில் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மின் இணைப்பைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஐந்து விநாடி அழுத்தி மீதி மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கூலர் ஃபேனின் ஒயரைப் பிடுங்குங்கள். கூலரின் நான்கு மூலையில் கறுப்புத் தலை கொண்ட பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். அவற்றைத் தலைமேல் உள்ள அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்று திருகி மேலே இழுத்தால் விட்டுவிடும். பழைய பேஸ்ட்டை இரு பக்கமும் பஞ்சில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். இது எலெக்ட்ரானிக் பொருள் கடைகளில் கிடைக்கும். 90 சதவீதத்துக்கு மேல் உள்ளதாகக் கேளுங்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும், பிசுக்கு ஒட்டிக்கொள்ளும்.

ப்ராசஸரின் நடுவில் 4 மி.மீ. அகலத்துக்கு ஒரே ஒரு பொட்டு பேஸ்ட் வையுங்கள். விரலால் தேய்க்க வேண்டாம். கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். அதிகம் வைத்தால் ஓரம் வழிந்து வேலை அசிங்கமாகும், குளிர்ச்சி கூடாது.

மாட்டும்போதுதான் கவனம். திருகிய நான்கு ஊசித் தலைகளையும் முதலில் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். இதை மறந்தால் ஊசி பூட்டாது. எதிரெதிர் மூலை இரண்டை ஒரே நேரத்தில் இரு கட்டைவிரலாலும் அழுத்துங்கள். ‘டக்’ என்று கேட்கும். பிறகு மற்ற இரண்டு. கேபினெட்டின் மறுபக்கக் கதவைத் திறந்து மதர்போர்டின் பின்புறம் பார்த்தால், நான்கு துளையிலும் வெள்ளைக் கால்களை விரித்துக்கொண்டு கறுப்பு ஊசி வெளியே தெரிய வேண்டும். ஒரு மூலை பூட்டாமல் விட்டாலும் கூலர் சாய்ந்து நிற்கும், லேசான வேலைக்கே 90 டிகிரி காட்டும். ‘பேஸ்ட் மாற்றிய பிறகு சூடு கூடிவிட்டது’ என்று சொல்பவர்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் (ப்ராசஸரைப் பொருத்தும் இடம்) ரைசன் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டும். அந்த ப்ராசஸரின் கால்கள் அதன் அடியிலேயே இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் கோந்துபோலப் பிடித்துக்கொள்ள, கூலரை நேராக இழுத்தால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும்; கால் வளையும். பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, நழுவ ஆரம்பித்த பிறகே தூக்குங்கள்.

இரண்டாவது வேலை, அந்த ஏற்ற இறக்கம். ப்ராசஸரின் சூடு ஒரு விநாடிக்குள் 15 டிகிரி குதித்து இறங்கும், அது அதன் இயல்பு. ஃபேன் ஒவ்வொரு குதிப்புக்கும் ஓடத் தேவையில்லை. பயாஸில் க்யூ-ஃபேன், ஸ்மார்ட் ஃபேன் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் ஒரு பக்கம் இருக்கும். அதில் ஸ்டெப் அப், ஸ்டெப் டவுன் அல்லது இன்டர்வல் என்ற நேர அமைப்பைத் தேடி, இருப்பதிலேயே நீளமானதை வையுங்கள்.

அதே பக்கத்தில், எந்தச் சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகம் என்று சொல்லும் ஃபேன் வளைகோடும் இருக்கும். இணையத்தில் பகிரப்படும் வளைகோடுகள் பலவும் 40 டிகிரியிலேயே ஏறத் தொடங்குபவை. 20 டிகிரி அறைக்கு அது சரி. புதுவையில் அறையே 33, 34 இருக்கும்போது சும்மா இருக்கும் ப்ராசஸர் 45ஐத் தொட்டுவிடும்; அந்த வளைகோட்டில் ஃபேன் ஒருநாளும் அடங்காது. நமக்கு இப்படி வையுங்கள்: 60 டிகிரிவரை 30 சதவீதம், 72க்கு 50, 82க்கு 75, 90க்கு 100. உங்கள் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் எல்லை 100 டிகிரி. 70இல் ஓடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

கே: வீடு துறைமுகத்துக்குப் பக்கம். கேபினெட்டின் பின்புறத் திருகாணிகள் இரண்டே வருடத்தில் துருப்பிடித்துவிட்டன. காற்று உள்ளே போனால்தானே உப்பும் போகிறது? எல்லாத் துளையையும் அடைத்து, ஃபேனைக் குறைத்து ஓட்டினால் நல்லதா?
— வாசகர், கடலூர் முதுநகர்

ப: கேள்வி நியாயமானது. ஆனால் அடைத்தால் சூட்டில் கெடும். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய எண் 75. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். உப்பு ஜாடியில் தினமும் பார்ப்பதுதான். மதர்போர்டில் படிந்த தூசியில் உப்பு இருந்தால் அந்தக் கசிவு மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் ஈயத்தையும் அரிக்கும்.

ஓடும் கணினிக்குள் நிலைமை வேறு. 34 டிகிரி, 75 சதவீத ஈரப்பதமுள்ள காற்று உள்ளே போய் 8 டிகிரி சூடானால் அதே காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். ஆகவே ஆபத்து ஓடும்போது குறைவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள்கணக்காக அணைத்து வைத்திருக்கும் கணினிதான் அரிக்கும். அந்த மாதங்களில் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள்.

உப்புத் தூசியைக் குறைக்க, உள்ளே தள்ளும் காற்று வெளியே இழுப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்றால் அது தானாக அமையும். அப்போது இடுக்குகளிலிருந்து காற்று வெளியே கசியும். தூசி வடிகட்டி வழியாக மட்டுமே நுழையும். வெளியே இழுக்கும் ஃபேன் மட்டும் வைத்தால் ஒவ்வொரு இடுக்கும் தூசிக்கு வாசல். பின்புறம் கார்டு மாட்டும் இடத்தில் காலியாக இருக்கும் தகட்டு மூடிகளைக் கட்டாயம் போடுங்கள். பல்லி நுழைவது அந்த வழியாகத்தான். மதர்போர்டிலோ எஸ்எம்பிஎஸ்ஸிலோ அது குறுக்கே விழுந்தால் கணினியே போகும்.

முன் வலையை முதுநகரில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் அலசி, முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஆயுத பூஜைக்கு உள்ளே சுத்தம் செய்யும் வழக்கம் பருவமழைக்கு முன்னால் வருவதால் நல்லதாகவே அமைந்துவிட்டது. கத்திரிக்கு முன் இன்னொரு தடவையும் செய்யுங்கள். சந்தனம் குங்குமத்தைப் பக்கக் கதவில் வையுங்கள், வலைமேல் வேண்டாம்.

பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் ஊதிக்கொண்டு வருவதை விட்டுவிடுங்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும். கையால் பிடிக்கும் மின்சார ப்ளோயரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து ஊதினால் போதும். ஊதும்போது ஒவ்வொரு ஃபேன் இறக்கையையும் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் காற்று வேகத்தில் ஃபேன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் தேயும். ‘கரகர’ என்ற சத்தம் அடுத்த மாதம் தொடங்கும்.

கே: மரக் கம்ப்யூட்டர் டேபிளில் கீழே கேபினெட்டுக்கென்றே அறை இருக்கிறது. அதில்தான் வைத்திருக்கிறோம். கால் அந்தப் பக்கம் வைத்தால் சுடுகிறது. தரையில் வைத்தால் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் குறைகிறது. ஏன்?
— வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

ப: அந்த அறையின் பின்பலகை மூடியிருக்கும். பின்னால் தள்ளிய அனல் வெளியேற வழியில்லாமல் சுற்றி முன்னுக்கு வந்து மறுபடி உள்ளே போகிறது. பின்பலகையை முழுதாகக் கழற்றிவிடுங்கள்; பெரும்பாலும் சன்னமான பலகை, நாலு ஆணிதான். சுவருக்கும் கேபினெட்டுக்கும் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். முன் கதவு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

ரீங்காரம் ஃபேனுடையதன்று, ஹார்டு டிஸ்க். 7200 ஆர்பிஎம் டிஸ்க் விநாடிக்கு 120 முறை அதிரும். டேபிளின் பலகை தபேலாத் தோல்போல அதைப் பெருக்கிக் காட்டுகிறது. டிஸ்க்கைப் பிடிக்கும் திருகாணிகளுக்கு ரப்பர் வாஷர் போடுங்கள், கேபினெட்டின் காலடியில் தடிமனான ரப்பர் ஒட்டுங்கள். விண்டோஸைச் சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டிக்கு மாற்றி, டிஸ்க்கைச் சேமிப்புக்கு மட்டும் வைத்தால் பெரும்பாலான நேரம் அது உறங்கும். தரையில் வைப்பதானால் ஒரு செங்கல் உயரம் தூக்கி வையுங்கள். தரைத் தூசிதான் மோசம்.

கே: வாட்டர் கூலர் போட்டால் சத்தமே இருக்காது என்கிறார் கடைக்காரர். உண்மையா? அறையில் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் வைத்தால் கணினிக்கும் உதவுமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

ப: வாட்டர் கூலரிலும் சூட்டைக் கடைசியில் காற்றில்தான் விடுகிறோம். ஃபேன் இருக்கும், கூடவே பம்பின் சத்தமும் சேரும். அறை 35 என்றால் அதற்கும் 35தான் தொடக்கம். 120 வாட்டுக்குள் இருக்கும் ப்ராசஸருக்கு 120 மி.மீ. ஃபேன் போட்ட, சூட்டைக் கடத்தும் நான்கு ஹீட் பைப் உள்ள உயரக் கூலர் போதும். பம்ப் இல்லை, கசிவு பயம் இல்லை, ஃபேன் தேய்ந்தால் ஃபேனை மட்டும் மாற்றலாம். வாங்குமுன் மதர்போர்டிலிருந்து பக்கக் கதவுவரை அளந்துகொள்ளுங்கள். இந்த வகைக் கூலர் பல 155 முதல் 160 மி.மீ. உயரம். சாக்கெட்டையும் பாருங்கள்: இன்டெல் 1200க்குத் துளை இடைவெளி 75 மி.மீ., 1700க்கு 78. பழைய கூலரை அப்படியே எடுத்து மாட்ட முடியாது. 1700க்கான பிடிப்புத் தகடு தனியாக வேண்டும்.

ஏர் கூலர் வேண்டாம். 34 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்தில் தண்ணீர் ஆவியாகி எவ்வளவு குளிர்வித்தாலும் 28க்குக் கீழே போகாது. நடைமுறையில் நாலைந்து டிகிரி கிடைக்கும், பதிலுக்கு அறை முழுக்க ஈரம். வறண்ட ஊர்களுக்கு அது சரி, நம் கரையோரத்துக்குச் சரிப்படாது.

கே: விடுதி அறையில் இரவில் கேம் விளையாடுவேன். ரைசன் 7 5800எக்ஸ், கிராஃபிக்ஸ் கார்டு. உடன் இருப்பவர்கள் தூங்க முடியவில்லை என்கிறார்கள். கையில் காசில்லை.
— மாணவர், காலாப்பட்டு, புதுச்சேரி

ப: காசில்லாமலே நிறையச் செய்யலாம், தம்பி. உண்டாகும் சூட்டையே குறைப்பதுதான் வழி. உங்கள் ப்ராசஸர் 142 வாட்வரை இழுக்க அனுமதி உள்ளது. பயாஸில் ஈகோ மோட் 65 வாட் என்று வைத்தால் அந்த உச்ச அளவு 88க்கு வந்துவிடும். விளையாட்டில் வித்தியாசம் தெரிவதே அரிது, ஏனென்றால் அங்கே பாரம் கார்டின் மேல். இன்டெல் வைத்திருப்பவர்களுக்கும் இதே வசதி உண்டு: ஐ5-12400க்கு நிறுவனம் சொல்லும் உச்ச அளவு 117 வாட், அடிப்படை 65. பயாஸில் நீண்டநேர வரம்பை 65க்கு வைத்தால் ரெண்டர் கொஞ்சம் நீளும், கூலர் அடங்கும். மஞ்சக்குப்பம் வாசகரும் மதிய வேளைக்கு இதைச் செய்து பார்க்கலாம்.

அடுத்தது கார்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்கு இறக்குங்கள். வேகம் அதே விகிதத்தில் இறங்காது, சில சதவீதம்தான் போகும். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் விளையாட்டின் ஃப்ரேம் எண்ணிக்கையையும் 60இல் கட்டிவிடுங்கள். திரையில் தெரியாத ஃப்ரேம்களை வரைய வீணாகும் மின்சாரம்தான் உங்கள் அறைத்தோழர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. சில கார்டுகளில் ஃபேன் நின்று நின்று கிளம்பும். நம் அறைச் சூட்டில் அது அந்த எல்லையிலேயே ஊசலாடும். ஃபேன் நிற்கும் வசதியை அணைத்து 30 சதவீதத்தில் தொடர்ந்து ஓடவிடுங்கள். சீரான மெல்லிய சத்தத்தைக் காது மறந்துவிடும். கிளம்பி நிற்கும் சத்தத்தை மறக்காது.

கே: ஏசி அறையில் 20 டிகிரியில் கணினியை வைத்திருக்கிறேன். நல்லதுதானே?
— வாசகர், வில்லியனூர்

ப: ஏசி ஓடும்வரை நல்லது. அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கும்போது கவனம். கோடையில் நம் வெளிக்காற்றின் பனிநிலை 25, 26 டிகிரி. அதைவிடக் குளிர்ந்திருக்கும் எந்தப் பொருள்மீதும் வெளிக்காற்று பட்டால் நீர் பூக்கும். அணைத்துக் கிடக்கும் கணினி 20 டிகிரியில் இருந்தால் அதன் உள்தகடுகளும் சேர்த்துத்தான். ஏசியை 26, 27இல் வையுங்கள். அல்லது ஜன்னலைத் திறந்து ஒரு மணி நேரம் கழித்தே கணினியைப் போடுங்கள்.

கே: மூன்று பின் (இணைப்பு ஊசி) ஃபேனை மதர்போர்டின் நான்கு பின் இடத்தில் சொருகினேன். முழு வேகத்திலேயே ஓடுகிறது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று ஃபேன் மாட்டலாமா?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

ப: நான்கு பின் ஃபேனின் வேகத்தை நான்காவது கம்பி கட்டுப்படுத்துகிறது, பிடபிள்யூஎம் என்பது அதுதான். மூன்று பின் ஃபேனுக்கு அந்தக் கம்பியே இல்லை, அதனால் 12 வோல்ட்டில் முழு வேகம். பயாஸில் அந்த இணைப்பை டிசி முறைக்கு மாற்றுங்கள். வோல்ட்டேஜைக் குறைத்து வேகம் தணிக்கும். மிகக் குறைத்தால் சில ஃபேன் கிளம்பாமல் நின்றுவிடும், 40 சதவீதத்திலிருந்து படிப்படியாக இறக்கிப் பாருங்கள்.

ஓர் இணைப்பைப் பலதாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒயர் போட்டு இரண்டு மூன்று மாட்டலாம். ஒவ்வொரு ஃபேனின் நடு ஸ்டிக்கரிலும் ஆம்பியர் போட்டிருக்கும்; மூன்றையும் கூட்டிப் பாருங்கள். சாதாரணமாக மதர்போர்டின் ஓர் இணைப்பு 1 ஆம்பியர்வரை தாங்கும், 0.2 ஆம்பியர் ஃபேன் மூன்று என்றால் தாராளம். மூன்று பின்னும் நான்கு பின்னும் கலந்து ஒரே ஸ்ப்ளிட்டரில் போட வேண்டாம். ஃபேனின் விளக்கு ஒயரைத் தனியாகப் பாருங்கள்: 5 வோல்ட் விளக்குக்கும் 12 வோல்ட் விளக்குக்கும் இடங்கள் வேறு வேறு. 5 வோல்ட் விளக்கை 12இல் சொருகினால் அந்த நொடியே எரிந்துபோகும்.